கரண்ட் போனால் எங்கள் வீட்டிலும் போகும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சவள். எங்கள் வீட்டு மாடியில் சோலார் போட்டதிலிருந்து, ரேஷன் கடை வரிசையிலும் நூறு நாள் வேலையிலும், "அது எப்படி வேலை செய்யுது? எவ்வளவு ஆச்சு? நாங்களும் போடலாமா?" என்று கேட்காதவர்கள் இல்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எல்லாருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடு என்று தலைவி அக்கா சொன்னார்கள். அதனால்தான் நிற்கிறேன்.

முதலில் நான் அவமானப்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சோலார் போட்டு, ஈ.பி.யில் வந்து மீட்டர் மாற்றி, ஓட ஆரம்பிச்ச நாலாவது நாள். உச்சி வெயில். கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று நின்று போச்சு. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. சரி, நமக்குத்தான் மாடியில் கரண்ட் இருக்கே என்று மெயின் சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். ஒன்றும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா செல்போனையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு வந்துட்டாங்க. "உங்க வீட்லதான் சோலார் இருக்கே, கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கிறேன் தங்கச்சி" என்று. என்ன சொல்ல? எங்க வீட்டிலும் இல்லை அக்கா என்றேன். அவங்க மாடியைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, போயிட்டாங்க.

எங்கள் அத்தை சும்மா இருப்பாங்களா? "சங்கத்துக் காசு அறுபதாயிரத்தை வாங்கி மாடியில கண்ணாடி மாட்டி வச்சிருக்கா" என்று அன்றைக்கு முழுக்க ஒரே பேச்சு. பொருத்திக் கொடுத்தவருக்கு போன் போட்டேன். "அது அப்படித்தாம்மா இருக்கும்" என்று சொல்லி வச்சுட்டார். ஏன் அப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. எனக்கு அழுகையே வந்துடுச்சு. என் பெயரில் வாங்கிய கடன், என் பிடிவாதத்தில் செய்த வேலை.

ஏன் அப்படி இருக்கு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் இது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் மாடியில் நாலு பேனல் இருக்கு. ஒவ்வொன்றும் 540 வாட். ஒரு பேனல் ஏழரை அடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். நாலும் சேர்ந்து 2 கிலோவாட் என்று கணக்கு. பேனலுக்குள்ளே இருப்பது சிலிக்கான். மணலிலிருந்து எடுக்கிற பொருள்தான். அதன் மேல் வெளிச்சம் பட்டால் உள்ளே இருக்கும் எலக்ட்ரான் நகர ஆரம்பிக்கும். அந்த நகர்வுதான் கரண்ட். அதற்கு வேண்டியது வெளிச்சம்தான், சூடு இல்லை. நம்ம ஆளுங்க கத்திரி வெயிலில்தான் நிறைய வரும் என்று நினைக்கிறாங்க. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பேனல் ரொம்பச் சூடானால் உற்பத்தி குறையும். எங்கள் வீட்டில் மாசி, பங்குனியில் வந்த அளவு சித்திரையில் வரவில்லை.

பேனலிலிருந்து வருவது பேட்டரியில் வருகிற மாதிரி ஒரே திசையில் ஓடும் கரண்ட், டி.சி. நம்ம ஃபேன், மிக்சி எல்லாம் ஓடுவது ஏ.சி. கரண்டில். அது ஒரு நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும். டி.சி.யை ஏ.சி.யாக மாற்றுகிற பெட்டிக்குத்தான் இன்வெர்ட்டர் என்று பெயர். நாம் வீட்டில் பேட்டரியோடு வைத்திருக்கிற இன்வெர்ட்டர் வேறு, இது வேறு. இதில் பேட்டரியே கிடையாது. பேட்டரி இல்லாததால்தான் விலை குறைவு, பராமரிப்பும் குறைவு.

இந்தச் சோலார் இன்வெர்ட்டர் தானாகத் தாளம் போடாது. ஈ.பி. கம்பியில் வருகிற 50 தடவை தாளத்தைக் கேட்டு, அதோடு சேர்ந்து போகும். நாம் கும்மி அடிக்கும்போது முன்பாட்டுக்காரி கைதட்டலுக்குத்தானே மற்றவர்கள் சேர்ந்து தட்டுகிறோம்? அவள் நிறுத்தினால் எல்லாரும் நிறுத்திவிடுவோம். அதே மாதிரி ஈ.பி. கரண்ட் நின்றால் இரண்டு நொடிக்குள் இதுவும் நின்றுவிடும். கரண்ட் திரும்ப வந்தாலும் உடனே ஓடாது. வோல்டேஜ் ஒழுங்காக இருக்கா என்று சில நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் ஓடும்.

நின்றுவிடும் என்பது சரி, ஏன் நிற்க வேண்டும்? இதை எனக்குச் சொன்னது பொறியாளர் இல்லை. எங்கள் குழு அக்கா ஒருவர்தான்.

அந்த வாரக் குழுக் கூட்டத்தில், ஏமாந்துட்டேன், சங்கக் கடனை வீணாக்கிட்டேன் என்று புலம்பினேன். அந்த அக்காவின் வீட்டுக்காரர் ஈ.பி.யில் கேங்மேன். அவங்க எழுந்து சொன்னாங்க: "அன்னிக்கு மத்தியானம் கரண்ட் போச்சுன்னு திட்டினியே, அப்போ எங்க வீட்டுக்காரர் உங்க தெருமுனைப் போஸ்ட் மேலதான் இருந்தாரு. கம்பி அறுந்து தொங்குச்சுன்னு டிரான்ஸ்ஃபார்மர்ல ஆஃப் பண்ணிட்டு ஏறுனாரு. உன் மாடிக் கரண்ட் நிக்காம அந்தக் கம்பியில வந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

யாரும் பேசவில்லை. அவங்களே மறுபடி சொன்னாங்க. மூணு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டு விசேஷத்தில் ஜெனரேட்டரை சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் நேராக பிளக்கில் சொருகி ஓட்டியிருக்கிறார்கள். அந்தக் கரண்ட் பின்பக்கமாக லைனுக்குப் போய்விட்டது. லைன் செத்துக் கிடக்கு என்று நம்பித் தொட்ட அவர் கை வெந்து போச்சு. உயிர் பிழைத்ததே பெரிசு. "இன்னும் அந்தக் கையால முழு பாரம் தூக்க முடியலை. இப்பவும் அவர் போஸ்ட்ல ஏறுறப்ப எனக்கு வயித்துல புளியைக் கரைக்கும்" என்றார்கள்.

நம்ம வீட்டு 230 வோல்ட் கரண்ட் கம்பி வழியாகப் பின்னால் போனால், டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி மறுபக்கம் 11,000 வோல்ட்டாகக்கூட மாறிவிடும். அதனால்தான் இன்வெர்ட்டரே கரண்ட் இல்லை என்று தெரிந்த உடனே தன்னை நிறுத்திக்கொள்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். அது பழுது இல்லை. அது அந்த அக்காவின் தாலிக்குக் காவல். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ நிக்கட்டும்" என்று மட்டும் சொன்னாங்க. இப்போது யாராவது "சோலார் போட்டும் கரண்ட் போகுதே" என்று கேலி பேசினால் முதலில் பதில் சொல்வது எங்கள் அத்தைதான்.

கரண்ட் போனாலும் விளக்கு எரிய வேண்டும் என்பவர்களுக்கு வழி இருக்கு. பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் என்று கிடைக்கிறது. அது ஈ.பி. கம்பியிலிருந்து வீட்டைத் துண்டித்துவிட்டு வீட்டுக்குள் மட்டும் கொடுக்கும். விலை கூடுதல், பேட்டரியைச் சில வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றவும் வேண்டும். எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருந்த சாதாரண பேட்டரி இன்வெர்ட்டரே இரண்டு ஃபேன், மூணு லைட்டுக்குப் போதும் என்று விட்டுவிட்டோம். யாராவது, "ஒரு ஒயரை மாத்திக் கட்டினா கரண்ட் போனாலும் ஓட வைக்கலாம்" என்று சொன்னால் தயவுசெய்து வீட்டுக்குள் விடாதீர்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். நமக்கு வரவு செலவு எழுதத் தெரியும், அதனால் இது சுலபம்.

சோலார் போட்டதும் பழைய மீட்டரை எடுத்துவிட்டு இருவழி மீட்டர் வைப்பார்கள். அது நம்ம பாஸ்புக் மாதிரி. நாம் கம்பிக்குக் கொடுத்தது ஒரு கணக்கு, கம்பியிலிருந்து எடுத்தது ஒரு கணக்கு. பில் போடும்போது எடுத்ததில் கொடுத்ததைக் கழித்து மிச்சத்துக்குத்தான் பணம். கொடுத்தது கூடுதலாக இருந்தால் அது அடுத்த பில்லுக்குப் போகும்.

ஒரு நாள் கணக்கைப் பாருங்கள். எங்கள் மாடியில் ஒரு நாளைக்குச் சுமார் 8 யூனிட் வருகிறது. ஒரு கிலோவாட்டுக்கு 4 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். மழை நாளில் குறையும். அந்த 8 யூனிட்டில், பகலில் மோட்டார், பிரிட்ஜ், தையல் மிஷின், கிரைண்டர் என்று 3 யூனிட்டை நாங்களே செலவு செய்துவிடுகிறோம். அது மீட்டருக்கே போகாது. மிச்சம் 5 யூனிட் வெளியே போகும். பக்கத்து வீட்டு ஃபேனுக்கோ மாவு மில்லுக்கோ போய்ச் சேரும். சாயங்காலத்திலிருந்து காலை வரை நாங்கள் ஈ.பி.யிலிருந்து ஏழரை யூனிட் எடுக்கிறோம். ஏழரையில் ஐந்து போனால் இரண்டரை. ஒரு நாளைக்கு அதுதான் எங்கள் கணக்கில் ஏறும்.

இதில் ஒரு விஷயம் பலருக்குக் குழப்பம். "இன்வெர்ட்டர்ல 8 யூனிட்னு காட்டுது, மீட்டர்ல 5 தான் ஏறியிருக்கு, 3 யூனிட்டைத் திருடிட்டாங்க" என்று எனக்குத் தெரிந்த ஒருவர் சண்டைக்கே போய்விட்டார். திருட்டு இல்லை. அந்த 3 யூனிட் நம்ம வீட்டுக்குள்ளேயே செலவானது.

எங்கள் வீட்டில் கொழுந்தனார் குடும்பமும் சேர்ந்து இருக்கோம். இரண்டு மாசத்துக்கு 630 யூனிட் வரும், பில் மூவாயிரத்து இருநூறுக்கு மேல். 500 யூனிட்டைத் தாண்டினால் நம்ம மாநிலத்தில் சலுகை விலை போய்விடும், கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டும் விலை ஏறும். இப்போது கழித்த பிறகு 150 யூனிட்தான் வருகிறது. அதில் 100 யூனிட் அரசு இலவசம். பில் நூற்றைம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. ஒரு வருஷத்துக்கு எப்படியும் 18,000 ரூபாய் மிச்சம்.

செலவு என்ன? மொத்தம் 1,40,000 ரூபாய். 60,000 நம்ம குழுக் கடன். மிச்சம் சீட்டுப் பணமும், என் கம்மலை அடகு வைத்ததும். 2024-இல் மத்திய அரசு கொண்டுவந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம். மானியம் முதலிலேயே வராது. எல்லாம் பொருத்தி, மீட்டர் வைத்து, ஓட ஆரம்பித்த பிறகுதான் நம்ம வங்கிக் கணக்குக்கு நேராக வரும். அது வரைக்கும் முழுப் பணமும் நம்ம கையிலிருந்து போக வேண்டும். இந்த இடைவெளியைத்தான் குழுக் கடன் தாங்கிப் பிடித்தது. மானியம் வந்த அன்றே குழுக் கடனை அடைத்துவிட்டேன். மிச்சம் 80,000 ரூபாய் நாலரை வருஷத்துக்குள் பில் பணத்திலேயே எடுத்துவிடலாம். பேனல் 25 வருஷம் உழைக்கும் என்று உத்தரவாதம் தருகிறார்கள். இன்வெர்ட்டரை இடையில் ஒரு தடவை மாற்ற வேண்டி வரலாம், அதற்கும் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் நாளைக்கே போடுகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். நான் சொல்ல வந்ததே இதுதான்: எல்லாரும் போட வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் பழைய மின் அட்டையையோ பில்லையோ எடுத்து ஒரு வருஷத்துக்கான ஆறு பில்லையும் பாருங்கள். 100 யூனிட்டுக்குள் வருகிறதா? உங்களுக்கு இப்போதே இலவசம். சோலார் போட்டால் பணம்தான் போகும். 250 யூனிட் வருகிறதா? பில் ஐந்நூறு ரூபாய்க்குள்தான். மானியம் போக 40,000 ரூபாய் போட்டு 1 கிலோவாட் வைத்தால் அந்தப் பணத்தை எடுக்கப் பதினாலு வருஷம் ஆகும். அந்த 40,000-க்கு ஒரு கறவை மாடு வாங்கினால் அதைவிட லாபம். 500 யூனிட்டைத் தாண்டுகிறவர்களுக்குத்தான் சீக்கிரம் பலன். கடைக்கோ தொழிலுக்கோ தனி இணைப்பு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு, அதை மின் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

போடுவது என்று முடிவு செய்தவர்களுக்கு, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மின் இணைப்பு யார் பெயரில் இருக்கு என்று பாருங்கள். எங்கள் இணைப்பு காலமான மாமனார் பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்றவே இரண்டு மாசம் ஓடிப்போச்சு. அப்போதுதான் வீட்டுக்காரரும் அத்தையும் பேசி, அலைவது நீதானே, உன் பெயருக்கே மாற்றிவிடலாம் என்றார்கள். அத்தையும் மற்ற வாரிசுகளும் சம்மதக் கையெழுத்துப் போட்டார்கள். இந்த வீட்டில் என் பெயரில் வந்த முதல் காகிதம் அந்த மின் அட்டைதான்.

இணைப்பின் அனுமதிக்கப்பட்ட சுமை எத்தனை கிலோவாட் என்றும் பாருங்கள். சோலார் அதைவிடக் கூடுதல் என்றால் சுமையை உயர்த்த வேண்டும்.

பதிவு செய்வது அரசின் இணையதளத்தில். அதற்குக் கட்டணம் கிடையாது. "மானியம் வாங்கித் தரேன், ஐயாயிரம் கொடு" என்று வருகிறவர்களை நம்பாதீர்கள். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். அந்தத் தளத்தில் பதிவு பெற்றவர்கள் பட்டியல் இருக்கு. அவர்களில் மூன்று பேரிடம் விலை கேளுங்கள். இந்தியாவில் தயாரித்த செல்லும் பேனலும் என்றால்தான் மானியம். இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து வருஷம் பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு, அதையும் எழுதி வாங்குங்கள்.

நிழலை நீங்களே பாருங்கள். 1 கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி நிழல் இல்லாத இடம் வேண்டும். காலை 9 மணிக்கும் மத்தியானம் 3 மணிக்கும் மாடியில் ஏறி நின்று பாருங்கள். பேனல்களை ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள், ஒரே தண்ணீர்க் குழாய் மாதிரி. ஒரு இடத்தில் அடைத்தால் மொத்தமும் குறையும். எங்கள் தென்னை மட்டை ஒன்றின் நிழல் ஒரு பேனலில் விழுந்ததில் ஒரு வாரம் உற்பத்தி பாதியாக இருந்தது. மட்டையை வெட்டியதும் சரியாச்சு. பேனல் தெற்குப் பக்கம் பார்த்து லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். தாங்குகிற கம்பிகள் துத்தநாகப் பூச்சு உள்ளதா, காற்றுக்கு அசையாதா, பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் இடிதாங்கிக்கும் தனித்தனி எர்த் குழி எடுத்தார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். வீட்டில் ஆம்பளை இல்லாத நேரத்தில் வந்து அவசரமாக முடித்துவிட்டுப் போகப் பார்ப்பார்கள். அது நம்ம வீடு, நாம கேட்கலாம்.

கழுவுவது பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போதும். விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தோ கழுவ வேண்டும். உச்சி வெயிலில் சூடான கண்ணாடியில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். சோப்புத்தூள், தேங்காய் நார் எதுவும் வேண்டாம். துணியும் நல்ல தண்ணீரும் போதும். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் படிந்துவிடும்.

இன்னொன்று ரொம்ப முக்கியம். ஈ.பி. கரண்ட் இல்லாத நேரத்திலும், வெயில் இருக்கும் வரை பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கு வரும் ஒயரில் கரண்ட் இருக்கும். எங்கள் நாலு பேனலுக்கே கிட்டத்தட்ட இருநூறு வோல்ட். கரண்ட் போயிருக்கே என்று அந்த ஒயரைத் தொடக்கூடாது, பிடுங்கக்கூடாது. பிள்ளைகளை அங்கே விளையாட விடாதீர்கள், துணி காயப்போடாதீர்கள்.

நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். மாடியில் பேனல் வைத்ததும் நாம் தனியாகப் போய்விட்டோம் என்று நினைத்தேன். அப்படி இல்லை. பகலில் கொடுக்கிறோம், ராத்திரியில் வாங்குகிறோம், ஒரே கம்பியில்தான் எல்லாரும் இருக்கோம். அந்தக் கம்பியில் ஒருத்தர் ஏறி வேலை பார்க்கும்போது என் வீடு கொஞ்ச நேரம் இருட்டாக இருந்தால் பரவாயில்லை.

அந்தக் கேங்மேன் அக்கா இங்கேதான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க. அன்றைக்கு அவங்க எழுந்து பேசாமல் இருந்திருந்தால் நான் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருந்திருப்பேன். அவங்களுக்கு என் நன்றி.

யாருக்காவது பில் பார்த்துக் கணக்குப் போட வேண்டும் என்றால் ஆறு பில்லையும் எடுத்துக்கொண்டு குழுக் கூட்டத்துக்கு வாங்க. சேர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம்.